அளவு ஜாக்கெட்

என் பீரோவைத் திறந்தால் கடையில் வாங்கிய உடுப்பு ஒன்றுகூட இருக்காது. சேலையை விட்டுவிடுங்கள், அதை நான் நெய்ய முடியாது. மற்றபடி ஜாக்கெட், உள்பாவாடை, நைட்டி, சுடிதார், வேலைக்குப் போட்டுப்போகும் குர்த்தா என்று அத்தனையும் நானே வெட்டி நானே தைத்தவை. பத்தொன்பது வருஷமாக இப்படித்தான். என் கல்யாண ஜாக்கெட்டைக் கடையில் தைக்கக் கொடுத்தோம். மாதா கோயிலில் தாலி கட்டிக்கொள்ளக் குனிந்தபோது அக்குளில் தையல் விட்டது. பூசை முடியும்வரை கையை உடம்போடு ஒட்டிவைத்துக்கொண்டு நின்றேன். போட்டோவில் பார்த்தால் குளிரில் நடுங்குகிறவள் மாதிரி இருக்கும். இனி இன்னொருத்தர் தைத்ததை என் உடம்பில் ஏற்றுவதில்லை என்று அன்றைக்கு முடிவு செய்தேன்.

டிசைனும் என்னுடையதே. வருஷம் முடிந்ததும் மாதக் காலண்டர் தாள்களை நான் தூக்கிப் போடுவதில்லை. பின்பக்கம் வெள்ளையாக, கெட்டியாக இருக்கும். அதில்தான் கழுத்தும் கையும் வரைந்து வெட்டிக்கொள்வேன். பஸ்ஸில் யாராவது நல்ல காலர் வைத்த சட்டையோடு ஏறினால் செஞ்சியிலிருந்து திண்டிவனம் வரை அவள் கழுத்தையே பார்த்துக்கொண்டு வருவேன். வீட்டுக்கு வந்ததும் தாளில் போட்டுப் பார்ப்பேன். வீட்டுக்காரர் ஒருநாளும் கட்டாத கைலி ஒன்று எனக்கு மேல்சட்டை ஆனது. மாமியாரின் பழைய சுங்குடிச் சேலை இரண்டு குர்த்தா ஆனது. எல்லாவற்றிலும் பாக்கெட் உண்டு. நான் ஒரு தனியார் பள்ளிக்கூடத்தின் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். அங்கே டீச்சர்கள் "இது எங்க எடுத்தீங்க?" என்று கேட்டால், "எடுக்கல, தச்சது" என்று சொல்வதற்கு முன் ஒரு நொடி தாமதிப்பேன். அந்த ஒரு நொடி எனக்கு அவ்வளவு பிடிக்கும்.

வருஷத்துக்கு ஒருமுறை இதைவிடப் பெரிய மேடை கிடைக்கும். வீட்டுக்காரரின் சொந்த ஊர் பனமலைப் பக்கம் ஒரு கிராமம். அங்கே எங்கள் மாதா கோயில் திருவிழா. பாட்டுப் பூசை முடிந்து வெளியே வந்ததும் சொந்தக்காரப் பெண்கள் எல்லாம் வாசலில் கூடுவார்கள். என் மாமியாரின் அக்கா அங்கே நடுவில் நிற்பார். அவரை எல்லோரும் பெரியம்மா என்றுதான் கூப்பிடுவோம். என்னைப் பார்த்ததும், "ஏ பெரியவளே, இந்த வருஷம் இன்னா தச்ச? திரும்பு பாக்கலாம்" என்பார். நான் வெட்கப்படுவதுபோல முந்தானையை விலக்கி முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு சுற்று சுற்றுவேன். பத்துப் பெண்கள் கழுத்தைத் தொட்டுப் பார்ப்பார்கள். கொக்கி எங்கே, பைப்பிங் எப்படி என்று கேட்பார்கள். சொன்னால் சிரிப்பீர்கள், அந்த ஒரு சுற்றுக்காக நான் நாலு மாதம் முன்பே யோசிக்க ஆரம்பிப்பேன். தங்கம் போட்டு வருகிறவர்கள் பக்கத்தில் நிற்பார்கள். அவர்களை யாரும் திரும்பச் சொல்லமாட்டார்கள்.

எனக்குப் பொறாமைக் குணம் அதிகம். சிறுவயதிலிருந்தே உண்டு. யாராவது நன்றாகக் கோலம் போட்டால்கூட எனக்கு வயிறு எரியும். ஆனால் தையல் விஷயத்தில் மட்டும் யாரைப் பார்த்தும் எரிந்ததில்லை. எரிவதற்குச் சுற்றுவட்டாரத்தில் ஆள் இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மூன்று வருஷம் முன்னால் கொழுந்தனுக்குக் கல்யாணம் ஆனது. அவர்களுக்கு மாடி, எங்களுக்கும் மாமியாருக்கும் கீழே. அன்றுமுதல் நான் பெரியவள், அவள் சின்னவள். சின்னவள் ஒல்லி. எதைச் சுற்றிக்கொண்டாலும் அழகாக இருக்கும் உடம்பு. கடையில் தொங்குகிற ரெடிமேடை அப்படியே எடுத்துப் போட்டாலும் அளவெடுத்துத் தைத்த மாதிரி இருக்கும். நான் ஒரு வாரம் உட்கார்ந்து இடுப்புக்கும் தோளுக்கும் கணக்குப் போட்டு வாங்குகிற பலனை அவளுக்கு ஆண்டவர் சும்மா கொடுத்திருந்தார். முதல் கோபம் அங்கேதான்.

வந்த இரண்டாம் மாதம் அவள் கீழே வந்து என் மெஷின் பக்கத்தில் நின்றாள்.

"அக்கா, எனக்கும் கத்துக் குடுக்கறீங்களா? எங்க நைனா வூட்ல மிஷின் ஒண்ணு சும்மா கெடக்குது. எடுத்தாரச் சொல்றேன்."

"எனக்கு எங்கம்மா நேரம்? ஆபீஸ் போயி வந்து சோறாக்கவே சரியா இருக்குது" என்றேன்.

சொல்லும்போது மடியில் பாதி தைத்த குர்த்தா இருந்தது. அவள் அதைப் பார்த்தாள். "சரிக்கா" என்று போய்விட்டாள். அடுத்த வாரம் அவள் அப்பா மெஷினை ஒரு லோடு ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனார். போனில் பார்த்துக் கற்றுக்கொள்கிறாளாம். கொழுந்தன் பெருமையாகச் சொன்னார். நான் நல்லதுதானே என்றேன்.

அப்புறம் என் தலைக்குமேல் மெஷின் ஓட ஆரம்பித்தது. சத்தத்தை வைத்தே என்ன தைக்கிறாள் என்று எனக்குத் தெரியும். நீளமாக ஒரே ஓட்டமாக ஓடினால் பக்கவாட்டுத் தையல். விட்டுவிட்டு, யோசித்து யோசித்து ஓடினால் கழுத்து வளைவு. நடுவில் டக்கென்று நின்று ஐந்து நிமிடம் ஒன்றும் கேட்காவிட்டால் நூல் சிக்கிக்கொண்டது, பிரிக்கிறாள் என்று அர்த்தம். அந்த அமைதி எனக்குத் தேனாக இருக்கும். குழம்புக்குத் தாளித்துக்கொண்டே மேலே பார்த்துச் சிரித்துக்கொள்வேன்.

சத்தம் மட்டும் எனக்குப் போதவில்லை. எங்கள் வீட்டில் துணி காயப்போடும் கொடி மொட்டை மாடியில் ஒன்றுதான். மலைப் பக்கத்து வீடு. பாறைச் சூடும் வெயிலும் சேர்ந்து சாயத்தை ஒரே மாதத்தில் உறிஞ்சிவிடும் என்பதால் இங்கே எல்லோருமே துணியை உள்பக்கம் வெளியே தெரியத் திருப்பித்தான் போடுவோம். வெளிப்பக்கம் யார் வேண்டுமானாலும் ஏமாற்றலாம். உள்பக்கத்தில் ஏமாற்ற முடியாது. எங்கே தையல் கோணியது, எங்கே பிரித்துத் திரும்பத் தைத்தாள், எங்கே துணி போதாமல் ஒட்டுப் போட்டாள் என்று எல்லாம் கொடியில் தொங்கும். நான் தினமும் என் துணியை எடுக்கப் போகிற சாக்கில் அவள் துணியைப் படித்துவிட்டு வருவேன்.

முதல் ஆறு மாதம் எனக்கு நல்ல காலம். தலையணை உறை ஒரு பக்கம் நீளம், ஒரு பக்கம் குட்டை. நைட்டியின் கழுத்துப் பட்டி அப்பளம்போல நெளிந்துகிடந்தது. வீட்டுக்காரரிடம், "பாவம், ட்ரை பண்றா" என்று நான் சொன்ன கனிவில் அவரே நிமிர்ந்து பார்த்தார்.

பிறகு நெளிவு குறைந்தது. ஒரு பாவாடையின் நாடாப் பட்டி நேராக வந்தது. ஒரு சுடிதாரின் உள்விளிம்பை மடித்து, வெட்டிய ஓரமே கண்ணுக்குத் தெரியாமல் இரட்டைத் தையல் போட்டிருந்தாள். நான் அப்படித்தான் செய்வேன். அதைக் கற்றுக்கொள்ள எனக்கு எத்தனையோ வருஷம் ஆனது. போனில் அதையெல்லாம்கூடவா சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று போனைத் திட்டினேன். ஒருநாள் அவளுடைய பழுப்பு நிற குர்த்தா ஒன்று காய்ந்தது. பாக்கெட் இருப்பதே வெளியே தெரியவில்லை. தையலோடு தையலாக, தட்டையாக, ஒரு சுருக்கம் இல்லாமல் உட்கார்ந்திருந்தது. நம்ப முடியாமல் கையை உள்ளே விட்டேன். மணிக்கட்டு வரை போனது. அந்த நேரம் பார்த்து அவள் வாளியோடு மாடிக்கு வந்தாள்.

"காஞ்சிட்டுதான்னு பாத்தேன்" என்றேன், கையை எடுக்காமலே.

"காஞ்சிருக்குமேக்கா" என்றாள்.

அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நல்ல தையலைப் பார்த்தால் சந்தோஷப்படத் தெரியாத ஜென்மம் எதற்குத் தைக்க வேண்டும் என்று என்னையே கேட்டுக்கொண்டேன். ஆனால் கேள்வி ஒருபக்கம் இருந்தது, எரிச்சல் ஒருபக்கம் இருந்தது. இரண்டும் ஒன்றையொன்று தொந்தரவு செய்யவில்லை.

பக்கத்து வீட்டு அம்மா என்னிடமே வந்து, "உங்க சின்னவ இன்னா அழகா தக்கிறா" என்றார். விடுதியில் படிக்கும் என் மகள், நான் தைத்ததைத் தொடாமல் ரெடிமேட்டாகவே வாங்கிப் போடுகிறவள், லீவுக்கு வந்தபோது, "சித்தி, எனக்கு அதே மாதிரி பாக்கெட் வெச்சி ஒண்ணு" என்று மாடிப்படி ஏறினாள். அதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். மாமியார் செய்ததைத்தான் பொறுக்க முடியவில்லை. அவருடைய ஜாக்கெட் எல்லாம் கல்யாணம் ஆனதிலிருந்து நான் தைப்பதுதான். ஒருநாள் கொடியில் அவருடைய ஜாக்கெட் புதிதாக ஒன்று தொங்கியது. உள்ளே பார்த்தேன். என் கை இல்லை.

இறங்கிவந்து நேரே கேட்டேன். "இன்னா அத்த, ஜாக்கெட்ட மேல குடுத்தீங்களா?"

அவர் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவில்லை. "உன்னுது அக்குள்ள கொஞ்சம் புடிக்கும்மா. கைய தூக்கினா இழுக்கும். சொன்னா நீ கோச்சிப்ப."

"எத்தினி நாளா?"

"மொதல்லருந்தே அப்டிதான்" என்றார், ரொம்ப சாதாரணமாக.

கல்யாண ஜாக்கெட்டில் எனக்கு எங்கே தொல்லை வந்ததோ அதே இடத்தில்தான் அவருக்கும் நான் பத்தொன்பது வருஷமாகத் தொல்லை கொடுத்துக்கொண்டிருந்தேன். இதைக் கேட்டு எனக்கு வெட்கம் வந்திருக்க வேண்டும். எனக்கு வந்தது, அதைக் கண்டுபிடித்துச் சரி செய்தவள் மேல் கோபம்.

அந்த வருஷம் திருவிழாவுக்கு மாமியாருக்கு ஓர் ஆசை வந்தது. வீட்டுப் பெண்கள் மூன்று பேரும் ஒரே மாதிரி சேலை கட்டிக்கொண்டு போக வேண்டும். ஆரணிக்குப் போய் மயில்கழுத்து நிறத்தில் மூன்று பட்டுச்சேலை எடுத்து வந்தார். ஜாக்கெட் துணியும் சேலையோடு சேர்ந்தே இருந்தது. நான் என்னுடையதை வெட்டி எடுக்கக் கத்தரியைத் தேடும்போது மாமியார் சொன்னார்.

"மூணும் சின்னவளே தக்கட்டும். சேல ஒரே மாதிரி இருந்து ஜாக்கெட் வேற வேற மாதிரி இருந்தா நல்லாவா இருக்கும்? ஒரே கை தச்சாதான் ஒண்ணா இருக்கும்."

"அப்ப நான் மூணும் தக்கிறேன்."

மாமியார் கையை மெல்லத் தூக்கி, அக்குளைத் தொட்டுக்கொண்டார். அவ்வளவுதான். வீட்டுக்காரர் பேப்பரை உயர்த்தி முகத்தை மறைத்துக்கொண்டார்.

எனக்கு உடனே அந்தக் கோயில் வாசல்தான் கண்முன் வந்தது. பெரியம்மா திரும்பச் சொல்வார். நான் சுற்ற வேண்டும். யார் தைத்தது என்று கேட்பார். நான் இவளைக் கைகாட்ட வேண்டும். அடுத்த வருஷத்திலிருந்து திரும்பச் சொல்வது இவளைத்தான். அது நடக்கக் கூடாது. எனக்கு அப்போது வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

சின்னவள் இறங்கி வந்தாள். "அக்கா, அளவு ஜாக்கெட் ஒண்ணு குடுங்க."

எங்கள் பக்கத்தில் ஜாக்கெட் தைக்கக் கொடுக்கும்போது யாரும் உடம்பில் டேப் வைத்து அளக்கவிட மாட்டோம். நன்றாக உட்காருகிற ஒரு பழைய ஜாக்கெட்டைக் கொடுத்து, இதே அளவு என்போம். அதுதான் அளவு ஜாக்கெட். தைப்பவர்கள் அதைத் தரையில் விரித்து, அதன்மேலேயே கோடு போட்டு வெட்டுவார்கள். அது சரியாக இருந்தால் புதியதும் சரியாக இருக்கும். அதில் கோணல் இருந்தால் புதியதிலும் அதே கோணல் வரும். எல்லாம் அந்தத் துணியின் நேர்மையில் இருக்கிறது.

பீரோவின் அடித்தட்டில் ஒரு சிவப்பு ஜாக்கெட் கிடந்தது. ஆறு வருஷத்துக்கு முந்தையது. அப்புறம் நான் நன்றாகவே சதை போட்டுவிட்டேன். இப்போது அதில் என் கைகூட முழுதாக நுழையாது. அதை எடுத்துத் தூசி தட்டி, மடித்து, அவள் கையில் கொடுத்தேன்.

"இது கரெக்டா இருக்கும்" என்றேன்.

திட்டம் எளிது. தைத்துக்கொண்டு வருவாள், போட்டுப் பார்ப்பேன், கொக்கி சேராது. மாமியாரையும் வீட்டுக்காரரையும் கூப்பிட்டுக் காட்டுவேன். "பரவால்ல விடுங்க, சின்னப் பொண்ணு, போகப் போக வந்துடும்" என்று பெருந்தன்மையாகச் சொல்வேன். அப்புறம் எனக்கு நானே தைத்துக்கொள்வேன். அந்த வசனத்தைக் கண்ணாடி முன்னால் இரண்டு தடவை சொல்லிக்கூடப் பார்த்தேன். என் முகம் அவ்வளவு நல்லவள் முகமாக இருந்தது.

பத்து நாள் கழித்து, ஞாயிற்றுக்கிழமைத் திருவிழாவுக்கு இன்னும் ஐந்து நாள் இருக்கும்போது, கொண்டுவந்தாள். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு போட்டேன். முதல் கொக்கி மாட்டியது. இரண்டாவது மாட்டியது. கடைசி வரை மாட்டியது. கையைத் தூக்கினேன், இழுக்கவில்லை. குனிந்தேன், பிடிக்கவில்லை. முதுகில் அரச இலை வடிவத்தில் வெட்டி, ஓரத்தில் நூல் கனத்தில் பைப்பிங் வைத்திருந்தாள். நான் தைத்தால் கழுத்து வளைவில் எப்போதும் துணி கொஞ்சம் மேலே தூக்கி நிற்கும், அதை நான் லேஸ் வைத்து மறைப்பேன். இவளுக்கு மறைக்க ஒன்றுமில்லை. கண்ணாடியில் நான் நன்றாக இருந்தேன். அப்படி ஒரு ஜாக்கெட்டை நான் எனக்குத் தைத்துக்கொண்டதே இல்லை. எனக்கு அழுகை வந்தது, ஆத்திரத்தில்.

கதவைத் திறந்தேன். அவள் டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு நின்றிருந்தாள்.

"சரியா இருக்குதாக்கா?"

"இருக்குது. எப்டி?" வாயை விட்டுவிட்டேன்.

"நீங்க குடுத்தத விரிச்சிப் பாத்தேன். ஒடம்புக்கு வராதுன்னு தோணிச்சி. மறந்தாப்ல எடுத்துக் குடுத்துட்டீங்கன்னு, கொடில காஞ்சினு இருந்த உங்க பச்ச ஜாக்கெட்ட எடுத்து அளந்துகினேன். கோச்சிக்காதீங்க." கொஞ்சம் தயங்கினாள். "வலது தோளு உங்களுக்கு எறக்கம் இல்லக்கா? அந்தப் பக்கம் மட்டும் கால் இன்ச் கூட புடிச்சி தக்கிறீங்க. அதயும் அப்டியே வெச்சிருக்கேன்."

என் வலது தோள் இறக்கம் என்பது என் வீட்டுக்காரருக்கே தெரியாது.

"இதெல்லாம் உனக்கு எப்டி தெரியும்?"

"உங்க துணிய பாத்துதான நான் தக்கவே கத்துக்கினேன். போன்ல வேகமா காட்டிட்டுப் போயிடறாங்க. எங்க மடிக்கறாங்க, எங்க திருப்பறாங்கன்னு ஒண்ணும் புரியாது. மாடிக்குப் போயி உங்க துணியோட உள்பக்கத்த பாத்தா புரிஞ்சிடும். அந்த ஓரம் மடிக்கிற தையலு, அது உங்களுதுதான்."

நான் அவள் துணியைப் படித்துக்கொண்டிருந்த அத்தனை நாளும் அவள் என் துணியைப் படித்துக்கொண்டிருந்திருக்கிறாள். நான் குற்றம் கண்டுபிடிக்கப் போனேன், அவள் கற்றுக்கொள்ளப் போனாள். வேறு யாராக இருந்தாலும் இந்த இடத்தில் உருகிப்போய் அவளைக் கட்டிக்கொண்டிருப்பார்கள். எனக்கு என்னவோ வீட்டில் திருடு போனமாதிரி இருந்தது. நான் தரமாட்டேன் என்று சொன்னதை என் கொடியிலிருந்தே எடுத்துக்கொண்டுவிட்டாள். அதைவிட மோசம், சிவப்பு ஜாக்கெட்டை நான் மறந்துபோய்க் கொடுத்ததாக அவள் சொன்னது. அவள் நிஜமாகவே அப்படி நினைத்தாளா, எனக்கு ஒரு வழி விட்டாளா என்று இன்றுவரை தெரியாது. கேட்கும் தைரியமும் வரவில்லை.

இதைப் போடக்கூடாது என்று முடிவு செய்தேன். கடைத்தெருவில் ஜாக்கெட் துணி மட்டும் விற்கும் கடையில் சேலை முந்தானையைக் காட்டி அதே மயில்கழுத்தில் ஒரு துண்டு தேடினேன். ஒன்றே ஒன்று இருந்தது. சனிக்கிழமை மதியம் அரைநாள் லீவு போட்டுவிட்டு உட்கார்ந்தேன். அவள் இலை வெட்டினால் நான் மாங்காய் வெட்டுவேன். அவள் ஒரு பைப்பிங் என்றால் நான் இரண்டு. துணி எண்பது சென்டிமீட்டர்தான். இரண்டாக மடித்து இரண்டு கையையும் சேர்த்து வெட்ட அகலம் போதவில்லை. ஒரு கையை வெட்டினேன், காலண்டர் தாளை நகர்த்தி இன்னொரு கையை வெட்டினேன். கோபத்தில் கத்தரி நன்றாக ஓடியது.

உடம்போடு வைத்துப் பார்க்கும்போதுதான் தெரிந்தது. தாளைத் திருப்பிப் போட மறந்திருக்கிறேன். இரண்டுமே வலது கை. தையல் வகுப்பில் முதல் வாரம் சேருகிற பெண்கள் செய்கிற தப்பு. துணியைத் திருப்பிப் போட்டாலும் உள்பக்கம் மங்கல், வெளிப்பக்கம் பளபளப்பு, பார்த்தவுடன் தெரிந்துவிடும். மேலே மெஷின் ஓடவில்லை. அவள் வேலை எப்போதோ முடிந்திருந்தது. நான் இரண்டு வலது கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு துண்டுகளைச் சுருட்டிப் பீரோவுக்குள் தள்ளினேன்.

மறுநாள் காலை பத்தொன்பது வருஷத்தில் முதல்முறையாக இன்னொருத்தி தைத்ததைப் போட்டுக்கொண்டு வேனில் ஏறினேன். மூன்று பேரும் ஒரே மாதிரி. மாமியார் ரொம்பச் சந்தோஷமாக, வழியெல்லாம் கையைத் தூக்கித் தூக்கி ஒவ்வொரு ஊரையும் காட்டிக்கொண்டு வந்தார்.

பூசையில் நான் ஒரு ஜெபத்தையும் கவனிக்கவில்லை. சாமியார் பிரசங்கம் செய்தார். நான் வாசலை நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மையைச் சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். சின்னவள் தைத்தது என்று ஒரு வரி, சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டால் முடிந்தது.

பூசை முடிந்தது. மாமியார் மெழுகுவர்த்தி ஏற்ற உள்ளேயே நின்றுவிட்டார். நானும் சின்னவளும் வெளியே வந்தோம். பெண்கள் கூடியிருந்தார்கள்.

"ஏ பெரியவளே, திரும்பு பாக்கலாம்" என்றார் பெரியம்மா.

திரும்பினேன். அவர் விரல் இலையின் ஓரமாக ஓடியது. மற்றவர்களும் குனிந்தார்கள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. பத்தொன்பது வருஷத்தில் அப்படி ஓர் அமைதி எனக்குக் கிடைத்ததில்லை.

"அடியே, இந்த வருஷந்தான் உன் கை முழுசா வந்துகீது" என்றார். "மத்த வருஷம்லாம் கழுத்தாண்ட கொஞ்சம் தூக்கினு நிக்கும். ஆசையா போட்டுக்கினு வரா, எதுக்கு சொல்லணும்னு விட்டுடுவேன். இது நீதான தச்ச?"

 எல்லா வருஷமும் அந்தத் தூக்கலைப் பார்த்திருக்கிறார்கள். எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். நான் சுற்றிக் காட்டியது அதைத்தான்.

"ஆமா பெரியம்மா" என்றேன்.

"சின்னவளுதும்?"

"எல்லாம் நான்தான்."

சொல்லி முடித்த பிறகுதான் சின்னவள் என் முழங்கைக்குப் பக்கத்தில் நிற்பது உறைத்தது. பெரியம்மா அவள் பக்கம் திரும்பி அவள் முதுகையும் தடவிப் பார்த்தார். இப்போது சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன். சொன்னால் அந்த ஊருக்கு நான் இனி வர முடியாது. 

"ஆமா பெரியம்மா, அக்காதான்" என்றாள் சின்னவள்.

"வூட்லயே இப்டி ஒருத்திய வெச்சிக்கினு நீ சும்மா கீறியே. கத்துக்கக் கூடாதா?"

"கத்துக்கினுதான் இருக்கேன் பெரியம்மா."

குரலில் குத்தல் இல்லை. நான் அவள் முகத்தில் தேடிப் பார்த்தேன். கொஞ்சம் கோபம் இருந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். என் தோளில் முந்தானை ஊக்கு கழன்றிருந்தது. பெண்கள் இன்னும் என்னைச் சுற்றி நின்று கழுத்தை எப்படி வெட்டினேன் என்று கேட்டுக்கொண்டிருக்க, அவள் பின்னால் வந்து மடிப்பைச் சரிசெய்து ஊக்கைக் குத்திவிட்டாள். அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் அந்தப் பொய்யைச் சொல்லியிருக்க மாட்டேன் என்று எனக்குத் தெரியும். அங்கே நின்றுகொண்டு அதற்கும் அவள்மேல் பொறாமைப்பட்டேன்.